வரப்பு தெரிய ஒரு வெளிச்சம்

(முதுநிலை வேதியியல், இரண்டாம் ஆண்டு)

நெல் வயலில் களை எடுக்கிற வேலை பார்ப்பதற்கு எளிது. சேற்றில் இறங்கிச் செய்தவர்களுக்கே அதன் அருமை தெரியும். கோரையையும் ஆரைக்கீரையையும் சிறு பிள்ளைகூடப் பிடுங்கிவிடும். ஆனால் குதிரைவாலிப் புல் என்று ஒன்று இருக்கிறது. நெல்லோடு முளைத்து, நெல்லோடு வளர்ந்து, நெல்லைப் போலவே பச்சை கட்டி நிற்கும். கதிர் வெளிவந்த பிறகுதான் அதன் சாயம் வெளுக்கும்; அதற்குள் நெல்லுக்குப் போட்ட உரத்தில் தன் பங்கை அது தின்று தீர்த்திருக்கும். என் அத்தை அந்தப் புல்லை இளம் பயிரிலேயே கண்டுபிடித்துவிடுவார். தாளை விலக்கிப் பார்ப்பார். நெல்லாக இருந்தால், இலை தண்டை விட்டுப் பிரியும் இடத்தில் மெல்லிய நாக்கைப் போல ஒரு சவ்வு இருக்கும். அந்தப் புல்லுக்கு அது கிடையாது. தாவரவியல் பேராசிரியர்கள் அதற்கு ஒரு பெயர் சொல்வார்கள். அத்தைக்குப் பெயரெல்லாம் தெரியாது. "நாக்கு இல்லாதது புல்லு" என்பார், அவ்வளவுதான்.

அந்த அத்தைக்குத்தான் இடக் கன்னத்தின் உட்புறத்தில் புண் வந்தது. நடவுக்குப் போகும் பெண்களின் மடியில் ஒரு சுருக்குப் பை இருக்கும். அதில் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. காலையில் சேற்றில் இறங்கினால் வெயில் ஏறிய பிறகுதான் கஞ்சி. அதுவரை பசியை அடக்குவது, கன்னத்தில் அடக்கிய அந்தப் புகையிலைதான். முப்பது ஆண்டுப் பழக்கம். புண் ஆறவில்லை என்பதை மூன்று மாதம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்றார்கள். நாங்களும் மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்தோம். பத்து நாள் கழித்துப் பரிசோதனைத் தாள் வந்தது. வெட்டியெடுத்த சதையின் ஓரத்திலேயே நோய் அணுக்கள் இருக்கின்றன என்று அதில் எழுதியிருந்தது. அதாவது, வெட்டிய கோட்டுக்கு அப்பாலும் நோய் மிச்சமிருக்கிறது. இன்னொரு முறை அறுக்க வேண்டும்.

"அறுப்பு முடியட்டும் தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அத்தை. அவர் சொன்னது சம்பா அறுப்பை. தை போய் மாசியில் நாங்கள் அவரை அழைத்துச் சென்றபோது கழுத்தில் கட்டி வந்துவிட்டிருந்தது. அடுத்த குறுவை நடவுக்கு அவர் இல்லை.

எந்த வைத்தியரையும் குறை சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. அறுவை வைத்தியரின் கையில் எல்லையைக் காட்டுவதற்கு இருந்தவை இரண்டே கருவிகள்: ஒன்று கண், மற்றொன்று விரல். கட்டி கடினமாக இருக்கும், சுற்றியுள்ள சதை மென்மையாக இருக்கும். தடவிப் பார்த்து, கட்டிக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் அளவு நல்ல சதையையும் சேர்த்து வெட்டியெடுப்பார்கள். வாய்ப் புற்றைப் பொறுத்தவரை, நோய்க்கும் வெட்டுக் கோட்டுக்கும் இடையே குறைந்தது 5 மில்லிமீட்டர் நல்ல சதை இருந்தால்தான் ஓரம் தூய்மையானது என்று நோய்க்கூற்று வல்லுநர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் புற்று, வரப்புக் கட்டிக்கொண்டு வளர்வதில்லை. அருகம்புல் வேர் ஓடுவதைப் போல, மேலே ஒன்றும் தெரியாமல் அடியில் ஓடும். அப்படியானால் இன்னும் தாராளமாக வெட்டிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். நாக்கில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஒருவருடைய பேச்சு. தொண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது அவர் விழுங்கும் சோறு. மூளையில் ஒரு சென்டிமீட்டர் என்பது அவருடைய வலக் கையாகவே இருக்கக்கூடும். அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு துண்டை உறையவைத்துச் சீவி நுண்ணோக்கியில் பார்க்கும் முறை உண்டு. அதற்கு அரை மணி நேரம் பிடிக்கும். எந்த இடத்துத் துண்டை எடுத்துப் பார்ப்பது என்பதே அங்கும் கேள்வி. ஓர் ஏக்கரில் நான்கு தூரைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு வயலில் களையே இல்லை என்று சொல்வதைப் போன்றதுதான் அது.

புற்றணுவையும் நல்ல அணுவையும் பிரித்துக் காட்ட, அத்தைக்குக் கிடைத்த அந்த நாக்கைப் போல, பார்த்த மாத்திரத்தில் தெரியும் ஓர் அடையாளம் கிடைத்தால் எப்படி இருக்கும்? அப்படி ஓர் அடையாளத்தை ஒளியைக் கொண்டு உண்டாக்க முடியும். அந்த ஒளி, காவிரிப் படுகையின் அரசு மருத்துவமனை அறுவை அரங்குகளுக்குள் வந்தாக வேண்டும். வரும்போது நம்மைப் போன்ற கலைக் கல்லூரிகள் கைகட்டி வேடிக்கை பார்க்கக் கூடாது. இதுவே நான் சொல்ல வந்தது.

முதலில் ஒரு சோதனை. நம் ஆய்வகத்தில் எவரும் செய்து பார்க்கலாம். கும்பகோணம் வெற்றிலை (2025இல் புவிசார் குறியீடு பெற்ற அதே வெற்றிலைதான்) நான்கை எடுத்து அரைத்து, ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டுங்கள். பச்சை நிறக் கரைசல் கிடைக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு, துணிக்கடைக் கல்லாவில் கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருக்கிறார்களே, அந்த ஊதா விளக்கை அதன்மேல் காட்டுங்கள். பச்சை மறைந்துபோய்க் கரைசல் இரத்தச் சிவப்பாக ஒளிரும். நாங்கள் செய்து பார்த்தபோது நம் ஆய்வக உதவியாளர் எட்டிப் பார்த்து, "வெத்தலை போட்ட வாய் மாதிரியே இருக்கே" என்றார். எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஒரு பொருள் ஒரு நிற ஒளியை விழுங்கி, அதைவிட ஆற்றல் குறைந்த வேறொரு நிற ஒளியை உடனே உமிழ்வதைத்தான் உடனொளிர்வு என்கிறோம். புளோரசன்ஸ் என்பதும் அதுவே. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1852இல் இதை விளக்கி இந்தப் பெயரையும் இட்டார். 1871இல் ஜெர்மனியில் அடால்ஃப் பான் பேயர் புளோரசீன் என்ற சாயத்தைத் தயாரித்தார். நீரில் கடுகளவு கலந்தாலும் பச்சையாகப் பளிச்சிடும் சாயம் அது. அதை முதலில் பயன்படுத்திய இடங்களில் ஒன்று ஓர் ஆறு என்பது, ஆற்றை நம்பி வாழும் நமக்குச் சுவையான செய்தி. டான்யூப் ஆற்று நீர் ஓரிடத்தில் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி மறைந்துவிடுகிறது. அது எங்கே போகிறது என்று காண 1877இல் அந்த இடத்தில் புளோரசீனைக் கொட்டினார்கள். ஏறத்தாழ அறுபது மணி நேரம் கழித்து, பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் ஆக் என்னும் ஊற்றில் பச்சை நீர் பொங்கி வந்தது. ஆக் ஊற்றின் நீரோ டான்யூபுக்குத் திரும்புவதில்லை, ரைன் ஆற்றுப் பக்கம் போய்ச் சேருகிறது. காவிரியில் கொட்டிய சாயம் வைகையில் தெரிந்தால் நாம் எப்படித் திகைப்போமோ, அப்படித் திகைத்திருப்பார்கள்.

மறைந்து ஓடும் நீரைக் காட்டிய அதே சாயத்தை, மறைந்து வளரும் நோயைக் காட்டவும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மூர் என்ற அறுவை வைத்தியர் கருதினார். 1948இல் மூளைக் கட்டிகளைப் புளோரசீன் கொண்டு கண்டறிவதைப் பற்றி அவர் எழுதினார். மூளையின் இரத்தக் குழாய்களுக்கு இயற்கையே பலமான கரை கட்டி வைத்திருக்கிறது. இரத்தத்தில் உள்ள எல்லாப் பொருளும் மூளைக்குள் கசிந்துவிட முடியாது. கட்டி வளரும் இடத்தில் அந்தக் கரை உடைகிறது. உடைப்பின் வழியே சாயம் கசிந்து தேங்கி நிற்கும். ஆகவே புளோரசீன் காட்டுவது உடைப்பைத்தான்; உடைத்தவன் யார் என்பதை அல்ல. வீக்கம் இருந்தாலும் அங்கே சாயம் கசியும். இந்தக் குறையைத் தெரிந்துகொண்டே, அதற்குரிய மஞ்சள் வடிகட்டி பொருத்திய நுண்ணோக்கியோடு இந்திய மூளை அறுவை வைத்தியர்கள் இன்று இதைப் பயன்படுத்துகிறார்கள். காரணம் எளிது. கண் மருத்துவமனைகளில் விழித்திரைப் படம் எடுப்பதற்குமுன் கை நரம்பில் ஏற்றுகிறார்களே, அதே மருந்துதான் இது, விலை மலிவு.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம் துறை மாணவர்கள் சற்று நிதானித்துப் படிக்க வேண்டுகிறேன். அமினோலெவுலினிக் அமிலம் என்று ஒரு சிறிய மூலக்கூறு உண்டு. நெல் இலையும் அதைத் தயாரிக்கிறது. நம் உடம்பும் தயாரிக்கிறது. இரண்டும் அதை எட்டு எட்டாக இணைத்து, பார்பைரின் என்ற வளையத்தை உண்டாக்குகின்றன. அந்த வளையத்தின் நடுவில் ஒரு வெற்றிடம். நெல் இலை அங்கே மக்னீசியத்தை வைக்கிறது: பச்சையம் பிறக்கிறது. நம் உடம்பு அங்கே இரும்பை வைக்கிறது: இரத்தத்தின் செம்மை பிறக்கிறது. இரும்பு உட்காராத வளையம் ஊதா ஒளியில் செக்கச் செவேலென்று ஒளிரும். இரும்பு உட்கார்ந்துவிட்டால் அந்த ஒளிர்வு அணைந்துவிடும். வெற்றிலைக் கரைசல் சிவப்பாக ஒளிர்ந்ததற்கும் இதற்கும் உறவு இப்போது புரிந்திருக்கும். இரண்டும் ஒரே குடும்பத்து வளையங்கள்.

மூளையில் தோன்றும் கொடிய வகைக் கட்டிகளின் அணுக்கள் இரும்பை உட்காரவைக்கும் வேலையில் மந்தமாக இருக்கின்றன. ஆகவே அறுவைக்கு மூன்று மணி நேரம் முன்பாக நோயாளிக்கு இந்த அமிலத்தை நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தால், கட்டி அணுக்களில் இரும்பில்லாத வளையம் குவிந்துவிடும். நுண்ணோக்கியில் நீல ஊதா ஒளியைப் போட்டால், நல்ல மூளை நீலமாகவும் கட்டி இளஞ்சிவப்பாகவும் தெரியும். ஜெர்மனியில் வால்டர் ஸ்டம்மரும் தோழர்களும் இதைச் சோதித்து 2006இல் வெளியிட்ட முடிவு இது: சாதாரண வெள்ளொளியில் செய்த அறுவைகளில், படத்தில் தெரிந்த கட்டி முழுவதையும் அகற்ற முடிந்தது 36 விழுக்காட்டினருக்கு, இந்த ஒளியில் செய்தபோது 65 விழுக்காட்டினருக்கு. ஆறு மாதம் நோய் மீண்டும் தலைகாட்டாமல் இருந்தவர்கள் முன்னதில் 21 விழுக்காடு, பின்னதில் 41 விழுக்காடு. மொத்த ஆயுள் நீண்டதா என்றால், அந்த ஆய்வில் அப்படித் துணிந்து சொல்லும் அளவுக்கு வேறுபாடு தெரியவில்லை. அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. 2007இல் ஐரோப்பாவும் 2017இல் அமெரிக்காவும் இம்மருந்துக்கு அனுமதி தந்தன. குடித்தவர் ஒரு நாள் முழுதும் கடும் வெளிச்சத்தில் வரக்கூடாது, தோல் வெந்துபோகும். தஞ்சாவூர்ச் சித்திரை வெயிலை நினைத்தால் செவிலியர்களுக்கு நல்ல வேலைதான்!

ஒரு வேடிக்கை: இதே அமிலத்தை ஜப்பானில் பயிர் உரத்தில் சேர்த்து விற்கிறார்கள். பயிரைப் பச்சையாக்கும் பொருளே நோயைச் சிவப்பாக்கிக் காட்டுகிறது. களை எடுத்த அத்தைக்கு இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரோ என்னவோ.

இண்டோசயனின் கிரீன் என்ற மற்றொரு சாயம், கோடாக் புகைப்பட நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1959 முதல் மருந்தாக அனுமதி பெற்றது. இது ஒளிர்வது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில். தனிக் கேமரா வேண்டும். இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கையால் பொத்திப் பாருங்கள், சிவப்பு மட்டும் சதையைக் கடந்து வரும். அகச்சிவப்பு அதைவிட எளிதாகக் கடந்து வருவதால், சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பதையும் இது காட்டும். மார்பகப் புற்று எந்த நிணநீர்க் கணுவுக்கு முதலில் பரவும் என்று கண்டு அதை மட்டும் எடுத்துப் பார்ப்பதற்கு இது பெரிதும் பயன்படுகிறது; அக்குள் முழுவதையும் சுரண்டியெடுத்துக் கை வீங்கிப்போகும் துன்பம் பல பெண்களுக்கு இதனால் தவிர்கிறது. 2021இல் சூல்பைப் புற்றுக்கும் 2024இல் மார்பகப் புற்றுக்கும் என்றே தனித்தனியாகச் செய்த புதிய ஒளிரும் மருந்துகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அவை காப்புரிமைச் சரக்குகள். நாம் அவற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் விடுதியில் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர், "வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பான், நாம கட்டுரை எழுதுவோம்" என்றார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கும் சொல்கிறேன். சர் சி. வி. ராமன் 1888இல் திருவானைக்காவலில் பிறந்தவர். அவர் முன்னோர் தஞ்சை மாவட்டத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்தவர்கள். கல்கத்தாவில் அவரிடம் ஆராய்ந்த கே. ஆர். ராமநாதன் 1923இல் நீர்மங்களில் சிதறும் ஒளியோடு வேறு நிறத்தில் மங்கலான ஒன்று கலந்திருப்பதைக் கண்டார். ஏதோ பலவீனமான உடனொளிர்வு என்றுதான் முதலில் எண்ணினார்கள். எவ்வளவு தூய்மைப்படுத்திய நீர்மத்திலும் அது போகவில்லை. அது உடனொளிர்வே அல்ல, புது வகைச் சிதறல் என்று கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு 1928 பிப்ரவரியில் ராமன் நிறுவினார். அந்த ராமன் ஒளியை மெல்லிய கம்பி வழியே மூளைக்குள் செலுத்தி, தொட்ட இடத்தில் புற்று உண்டா இல்லையா என்று அறுவை நடக்கும்போதே அறியும் முறையை 2015இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரத்தினர் வெளியிட்டார்கள். உடனொளிர்வு எது, உடனொளிர்வு அல்லாதது எது என்று பிரித்தறியும் கண் நம்மவர்களுக்கு இருந்தது. அண்மையிலும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. சென்னை அண்ணா பல்கலைக்கழக மருத்துவ இயற்பியல் துறையினர், எந்தச் சாயமும் ஏற்றாமல் திசுக்கள் தாமாகவே உமிழும் ஒளிர்வைக் கொண்டு வாய்ப் புற்றைக் கண்டறிவதைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் பிறந்த ஒரு சிறிய நிறுவனம், அதே தத்துவத்தில் கையடக்கமான வாய்ச் சோதனைக் கருவியைச் செய்து 2020இல் வெளியிட்டது.

நண்பர் விடவில்லை. "அப்படின்னா உன் அத்தைக்கு இது இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா?" என்றார். கடினமான கேள்வி. இதற்கு மழுப்பலான பதில் சொன்னால் இந்தக் கட்டுரைக்கே பொருள் இல்லை.

வாயின் நல்ல தோல் நீல ஒளியில் பச்சையாக ஒளிரும். நோயுற்ற இடம் ஒளி இழந்து கருத்துத் தெரியும். இதைக் கொண்டு வெட்டுக் கோட்டை வரைந்தால் நோய் திரும்புவது குறையுமா என்று கனடாவில் பல மருத்துவமனைகளில் நானூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் முறைப்படி சோதித்தார்கள். 2020இல் முடிவு வந்தது. குறையவில்லை, ஒளியில் பார்த்து வெட்டியவர்களுக்கும் வெறுங்கண்ணால் பார்த்து வெட்டியவர்களுக்கும் வேறுபாடு இல்லை. முதன்முதலில் இதைப் படித்த இரவு, எழுதி வைத்திருந்த கட்டுரையைக் கிழித்துப் போட்டேன். இப்போது நீங்கள் படிப்பது இரண்டாவது.

ஏன் கிழித்ததை மறுபடி எழுதினேன் என்றால், அந்த முடிவு பொய் என்பதால் அல்ல. அது மெய். ஆனால் அது எந்த வாய்க்கு மெய் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. நம் பக்கத்து வாய்ப் புற்று பெரும்பாலும் பாக்கும் புகையிலையும் அடக்கிய கன்னத்தில் வருவது. ஆண்டுக்கணக்கில் பாக்கு மென்ற வாய், உட்புறம் நாராகி இறுகி, இரண்டு விரல் நுழையாத அளவுக்குக் குறுகிவிடுகிறது. அந்த நார் கொலாஜன்; கொலாஜன் தானே ஒளிரும் பொருள். கறை படிந்து, நார் ஏறிய இந்த வாயில் பச்சை எது, கருமை எது, எல்லை எங்கே என்பதை இந்த வாயில் பார்த்துத்தான் சொல்ல முடியும். நோய் இங்கே இருக்கிறது. ஆகவே சோதனையும் இங்கே நடக்க வேண்டும். முடிவு சாதகமாக வந்தாலும் பாதகமாக வந்தாலும் அது நம்முடையதாக இருக்கும்.

நம்மூரில் இதற்கு முன்னோடி இல்லாமலில்லை. 1798 முதல் 1832 வரை தஞ்சையில் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர் கண் நோய்களுக்குச் சிகிச்சை செய்வித்தபோது, ஒவ்வொரு நோயாளிக்கும் தாள் போட்டு, கண்ணின் படத்தை வண்ணத்தில் வரைந்து, என்ன செய்தார்கள், என்ன ஆயிற்று என்று எழுதிவைக்கச் செய்தார். அந்தத் தாள்கள் சரசுவதி மகாலில் இருக்கின்றன. பெரிய கோயிலைப் பார்க்க வரும் கூட்டத்தில் பத்தில் ஒருவர் இதைப் பார்த்தால்கூட நான் மகிழ்வேன். எழுதிவைத்தால்தான் வைத்தியம் வளரும் என்பதைத் தெரிந்த மன்னர் அவர். எந்தச் சாயம் ஏற்றினோம், எந்த நிறம் தெரிந்தது, வெட்டிய ஓரத்தில் நுண்ணோக்கி என்ன சொன்னது, ஓராண்டு கழித்து நோயாளி எப்படி இருக்கிறார் என்று நான்கு பத்தியில் எழுதிவருவதற்குக் கோடி ரூபாய் வேண்டாம்.

ஆகவே என் கருத்து இதுதான். மூளைக் கட்டிக்குப் புளோரசீனும், மார்பகப் புற்றுக்கு இண்டோசயனின் கிரீனும் பயன் நிறுவப்பட்டவை, விலையும் கட்டுப்படியாகும். அவை தஞ்சை, திருவாரூர், நாகை அரசு மருத்துவக் கல்லூரிகளின் அறுவை அரங்குகளில் அன்றாடப் பொருள்களாக வேண்டும். விளம்பரத்துக்கு வாங்கிப் பூட்டிவைக்கும் கருவிகளாக அல்ல. வாய்ப் புற்றுக்கு ஒளி உதவுமா என்பதை இங்கேயே முறையாகச் சோதிக்க வேண்டும். நூறு முறை ரோபோ வாங்குவதைப் பற்றிப் பேசுவதைவிட இது மேல். நோய்க்கூற்று வல்லுநர்களின் எண்ணிக்கையைப் பெருக்குவது இதைவிடவும் மேல் என்று யாரேனும் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். எந்த ஒளி காட்டினாலும் கடைசிச் சொல் நுண்ணோக்கியுடையதே. முதல் அறுவையிலேயே ஓரம் தூய்மையாக வந்துவிட வேண்டும் என்பதில் நான் இவ்வளவு அழுத்தம் காட்டுவதற்குக் காரணம் உண்டு. நகரத்தில் மாதச் சம்பளக்காரருக்கு இரண்டாவது அறுவை என்பது இன்னொரு விடுப்பு விண்ணப்பம். நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவருக்கு அது ஒரு போகம். போகத்தை விட்டுவிட்டு அவர் வரமாட்டார். என் அத்தை வரவில்லை.

வேறொரு வெளிச்சமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். திருவனந்தபுரம் மாவட்டத்து ஏழு ஊராட்சிகளில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வெறும் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தார்கள். அவ்வளவுதான் செய்தது. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றால் இறப்பது 34 விழுக்காடு குறைந்தது என்று ஆர். சங்கரநாராயணனும் உடனாய்வாளர்களும் 2005இல் வெளியிட்டார்கள். அத்தை மறைத்துவைத்த அந்த மூன்று மாதத்தில் ஒரே ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்திருக்கலாம். நான்கூடப் பார்த்திருக்கலாம், அவர் கையில் சோறு வாங்கித் தின்றவன் நான்.

வெற்றிலையைப் பற்றி எழுதிவிட்டுக் கும்பகோணத்துக் கொடிக்கால்காரர்களின் கோபத்துக்கு ஆளாக எனக்கு விருப்பமில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் புகையிலை சேர்த்த தாம்பூலத்தையும், 2004இல் வெளிவந்த தொகுதியில் புகையிலை சேராத தாம்பூலத்தையும் பாக்கையும் புற்று விளைவிப்பவை என்று வரிசைப்படுத்தியது. பழி முதலில் பாக்கின் மேலும் புகையிலையின் மேலும்தான். இலைக்காரர்கள் மன்னிப்பார்கள் என்று நம்புகிறேன்.

நாம் என்ன செய்யலாம் என்று பேராசிரியர் ஒருவர் கேட்டார். நோயாளியின் அருகில் போகும் தகுதி நமக்கு இல்லை. அது வைத்தியர்கள் வேலை, அதற்குரிய அறநெறிக் குழுக்களும் உண்டு. ஆனால் எந்த விளக்கு, எந்த வடிகட்டி, எவ்வளவு சாயம், எவ்வளவு ஆழம் வரை தெரியும் என்பவை நோயாளி இல்லாமலே பார்க்கக்கூடியவை. வேதியியலும் இயற்பியலும் படிக்கும் நமக்கு அது சொந்த வேலை. ஜெலட்டினில் பாலைக் கலந்து உறையவைத்தால், ஒளியைச் சிதறடிப்பதில் ஏறக்குறைய சதையைப் போல நடந்துகொள்ளும் ஒரு பொய்ச் சதை கிடைக்கும். சென்ற பருவத்தில் நாங்கள் நால்வர் அதற்குள் புளோரசீன் கலந்த சிறு உருண்டைகளைப் புதைத்து, யார் எல்லையைச் சரியாகக் கீறுகிறார்கள் என்று பந்தயம் வைத்தோம். வெள்ளை விளக்கில் நால்வருமே உருண்டையை அறுத்துவிட்டோம். பாதி உள்ளேயே நின்றுவிட்டது. நீல விளக்கும், இயற்பியல் துறையில் இரவல் வாங்கிய மஞ்சள் கண்ணாடியும் கொண்டு பார்த்தபோது மூவர் முழுதாக எடுத்தோம். மேற்பரப்பிலிருந்து சற்று ஆழமாகப் புதைத்த உருண்டைகள் மட்டும் அந்த விளக்கிலும் எங்களை ஏமாற்றிவிட்டன. அந்த ஆழத்தை இந்தப் பருவத்தில் அளக்கிறோம். வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்குமேல் ஆய்வகத்தில்தான் இருப்போம். இருட்டறை என்பதால் கதவு சாத்தியிருக்கும், தட்டினால் திறப்போம்.